மேற்கு முகத்து வெளிச்சம்

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மலையைக் கிழக்கிலிருந்துதான் பார்க்கிறார்கள். பெரிய கோயில், 217 அடி உயர ராஜகோபுரம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் எல்லாம் அந்தப் பக்கம். காலண்டரில் அச்சாகும் மலையும் அந்த முகம்தான். அதற்கு நேர் மறுபக்கத்தில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் பாதி வழி நடந்து கால் கனக்கத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது அடி அண்ணாமலை. இங்குள்ள கோயிலுக்கு ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் என்று பெயர். ஊர் பேச்சு வழக்கில் அடி அண்ணாமலை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம் இதுவே என்பது மரபு. அவருக்கு இங்கே பாதையோரத்தில் ஒரு கோயிலும் உண்டு.

படம் எடுக்கிறவர்களுக்கு இந்த ஊரின் இருப்பிடமே ஒரு கொடை. காலையில் ஊர் மலையின் நிழலில் கிடக்கும். சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வர வேண்டும் என்பதால், நகரத்தில் வெயில் விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் இங்கே முதல் கதிர் தொடும். அதுவரை மலை ஒரு கரிய உருவம். அதன் விளிம்பில் மட்டும் ஒரு பொன் கோடு. மாலையில் எல்லாம் தலைகீழாகிவிடும். நாலரை மணிக்கு மேல் மேற்குச் சூரியன் நேராக மலையின் முகத்தில் அடிக்கும்போது ஒவ்வொரு பாறையும் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். சாம்பல் நிறப் பாறை செம்மண் நிறத்துக்கு மாறி, பிறகு ஊதாவாகி, இருட்டோடு அடங்கும்.

பௌர்ணமி அன்று இன்னொன்று நடக்கும். முழுநிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டிக் கிழக்கில் உதிக்கும் அல்லவா? அடி அண்ணாமலையில் நிற்பவருக்குக் கிழக்கு என்றால் மலை. ஆகவே, முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கிய சற்று நேரத்தில், எதிரே மலைக்குப் பின்னாலிருந்து நிலா எட்டிப் பார்க்கிறது. அதிலும் மாதத்துக்கு ஓரிடம். மார்கழி நிலா வடகிழக்கில் உதிப்பதால் மலையின் இடது தோள் பக்கம் வரும். ஆனி நிலா தென்கிழக்கு. அது வலது தோள் பக்கம். நடுவில் உள்ள மாதங்களில் நிலா ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு இடம் மாறிக்கொண்டே போகும். ஒரே இடத்தில் நின்று பன்னிரண்டு பௌர்ணமியைப் படம் எடுத்தால் பன்னிரண்டும் வேறு வேறு படங்களாக இருக்கும்.

பன்னிரண்டு பௌர்ணமிக்குக் காத்திருக்க யாருக்கு நேரம் இருக்கிறது? அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வருகிறவருக்கு இல்லை. கல்யாண சீசனில் ஆறு மண்டபத்துக்கு ஓடும் தொழில்முறைப் புகைப்படக்காரருக்கும் இல்லை. பணி ஓய்வு பெற்றவருக்கு இருக்கிறது. பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, பகல் பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கும் அம்மாவுக்கு இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். இன்றைக்கு அந்தப் பங்கு இன்னும் கூடியிருக்கும். அவர்களில் பலர் கையில் கேமரா பொருத்திய செல்போன் இருக்கிறது. காலை வணக்கப் படங்களை மற்றவர்களுக்கு அனுப்பத்தான் அது பெரும்பாலும் பயன்படுகிறது. அடுத்தவர் எடுத்த பூவை அனுப்பும் அதே கை, தன் வீட்டு வாசலில் பூத்ததை எடுக்கலாமே என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஊக மாத்திரமாகக் கேட்கப்படும் கேள்வி அல்ல இது. வயது முதிர்ந்த பிறகு கேமராவையும் கணினித் திரையையும் கையில் எடுத்து, அதில் தங்கள் வாழ்க்கையின் சிறந்த வேலையைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரின் கல்லறை இலங்கை மலையகத்தில், தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வாழும் ஊரில் இருக்கிறது. அவரிடம் வருவதற்கு முன், இந்த மலையடிவாரத்திலேயே நடந்த ஒரு கதை.

ஒரு டாக்டரும் ஒரு மேதையும்

ரமண மகரிஷி 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்தார். 1950 ஏப்ரல் 14 அன்று இரவு 8.47 மணிக்கு மறையும்வரை இந்த மலையை விட்டு அவர் வெளியே போகவில்லை. அவரை இன்று உலகம் அறிந்திருப்பதற்குப் படங்களும் ஒரு முக்கியக் காரணம். அமைதியான கண்களோடு நேராகப் பார்க்கும் அந்தப் புகழ்பெற்ற முகப் படம் 1946இல் ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது. மற்றபடி நாம் பார்க்கும் படங்களில் மிகப் பலவற்றை எடுத்தவர் சென்னையில் மருத்துவத் தொழில் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் டி.என். கிருஷ்ணசாமி. அவருக்குப் புகைப்படம் பொழுதுபோக்கு. நேரம் கிடைத்தபோதெல்லாம் சென்னையிலிருந்து கேமராவோடு வந்தார். மகரிஷி நடப்பதை, உட்கார்ந்திருப்பதை, மலையில் நிற்பதை ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்தார்.

மகரிஷியின் கடைசி நாட்களில் வேறொருவரும் அங்கே வந்து சேர்ந்தார். பிரான்ஸ் நாட்டு ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். 1947இல் மேக்னம் என்ற புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அப்போதே உலகப் புகழ் பெற்றவர். மகரிஷி மறைந்த இரவில் வானத்தில் ஓர் ஒளி மலையை நோக்கி நகர்ந்ததைத் தாமே கண்டதாகவும், நேரத்தைக் குறித்துக்கொண்டதாகவும் அவர் சொல்லியிருக்கிறார். அந்த நாட்களில் அவர் எடுத்த படங்கள் வரலாற்றுச் சான்றுகள்.

இருவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். பிரெஸ்ஸோன் சில நாள் வந்த மேதை. கிருஷ்ணசாமி திரும்பத் திரும்ப வந்த ஆர்வலர். மகரிஷி ஒரு மனிதராக எப்படி நடந்தார், கைத்தடியை எப்படிப் பிடித்தார், வயது ஏற ஏற உடல் எப்படித் தளர்ந்தது என்பதை அறிய வேண்டுமானால் நாம் டாக்டரின் படங்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. ஒரே ஆளை, ஒரே இடத்தை விடாமல் பார்ப்பதில் வரும் பலன் அது. அதற்கு மேதைமை கட்டாயமில்லை. வந்துகொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிரெஸ்ஸோனின் பிற்காலம் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. இளமையில் அவர் ஓவியம் பயின்றவர். 1970களில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தனக்குப் புகழ் தந்த கேமராவைப் பெரும்பாலும் ஓரமாக வைத்துவிட்டு, பென்சிலை எடுத்து வரைய உட்கார்ந்தார். 2004இல், 95 வயதில் இறக்கும்வரை வரைதலே அவரது முதல் விருப்பமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டரிடம் பாராட்டு வாங்கிவிட்டு, பிறகு வங்கியிலோ தாலுகா அலுவலகத்திலோ முப்பத்தைந்து ஆண்டுகள் கோப்பு எழுதியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! விட்ட இடத்திலிருந்து எடுப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை என்பதற்கு அந்தப் பெரிய மனிதர் சாட்சி.

போகவந்தலாவையில் ஒரு கல்லறை

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர். மனைவியைவிட இருபது வயது மூத்தவர். இலங்கையில் ஆட்சிச் சீர்திருத்தம் பரிந்துரைத்த கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவில் ஒருவர். அவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. குடும்பம் பிற்பாடு இங்கிலாந்தில், வைட் தீவில் குடியிருந்தது. கணவர் தோட்டத்தைப் பார்க்க இலங்கை போயிருந்தார், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், வீடு வெறிச்சோடியது. 1863 கிறிஸ்துமஸ் சமயத்தில், அம்மா தனியாக இருக்கிறாளே, பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு வயது 48.

இன்றைய செல்போனை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கேமராவைக் கற்பனை செய்யக் கூடாது. மரப்பெட்டி, கனமான கண்ணாடித் தகடு. தகட்டில் ரசாயனக் கரைசலைத் தடவி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அந்த ஈரத்திலேயே கழுவ வேண்டும். கை, உடை எல்லாம் கறுப்புக் கறை. ஜூலியா நிலக்கரி போட்டு வைத்திருந்த கொட்டகையை இருட்டறையாக மாற்றினார். கோழிக் கூண்டு இருந்த கட்டடத்தை ஸ்டுடியோ ஆக்கினார். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. தகடுகளைக் கெடுத்துக் கெடுத்தே கற்றார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தபோது, அதைத் தன் முதல் வெற்றி என்று அவரே குறித்துவைத்தார்.

அவர் பெரும்பாலும் எங்கும் தேடிப் போகவில்லை. அண்டை வீட்டில் கவிஞர் டென்னிசன் இருந்தார். அவரை உட்கார வைத்தார். வீட்டுப் பணிப்பெண்களை உட்கார வைத்தார். பார்க்க வந்த விருந்தாளிகளையும் விடவில்லை. விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலின் முகமும் டார்வினின் முகமும் இன்று நம் கண்ணில் நிற்பதற்கு அவர் எடுத்த படங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. படம் மங்கலாக இருக்கிறது, ஃபோகஸ் சரியில்லை என்று அக்காலத் தொழில்முறைப் புகைப்படக்காரர்கள் குறை சொன்னார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று அழைக்கப்படும் லண்டன் நிறுவனம் 1865இலேயே அவருடைய படங்களை வாங்கியது.

1875இல் கேமரன் தம்பதி இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். அறுபது வயதில் ஜூலியா களுத்துறையிலும் மலையகத்திலும் கேமராவைத் தூக்கிக்கொண்டார். ரசாயனம் கிடைப்பது அரிது. வெக்கையில் தகடு கெடும். இருந்தும் எடுத்தார். அவர் முன்னால் இப்போது கவிஞர்களும் விஞ்ஞானிகளும் இல்லை. தோட்டத்தில் வேலை செய்தவர்களும் சுற்றுவட்டாரத்து மக்களும் நின்றார்கள். தமிழ்நாட்டின் வறண்ட ஊர்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம் மக்களின் காலம் அது. அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை என்பது அந்தப் படங்களைப் பார்க்கும்போது மனதை அறுக்கிறது. ஜூலியா 1879 ஜனவரி 26 அன்று இறந்தார். போகவந்தலாவை புனித மரியாள் தேவாலய வளாகத்தில், கணவருக்குப் பக்கத்தில் இருக்கிறது அவரது கல்லறை. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று கிடைப்பவை முப்பதுக்கும் குறைவு.

மகள் கொடுத்த ஒரு பொழுதுபோக்குப் பரிசு புகைப்படக் கலையின் வரலாற்றையே திருப்பியது. இன்றைக்கு மகளும் மருமகனும் அமெரிக்காவிலிருந்து அம்மாவுக்கு அனுப்பும் செல்போன் வீடியோ காலுக்கு மட்டும்தானா என்று யோசிக்கத் தோன்றுகிறது.

எழுபத்திரண்டில் சேர்ந்த மாணவி

ஜப்பானின் குமமோட்டோ நகரைச் சேர்ந்த கிமிகோ நிஷிமோட்டோ 1928இல் பிரேசிலில் பிறந்தவர். முடி திருத்தும் தொழில் செய்தார். இளம் வயதில் சைக்கிள் பந்தய வீராங்கனையாகவும் இருந்தார். பிறகு குடும்பம், மூன்று பிள்ளைகள். 72 வயதில், தன் மகன் நடத்திய புகைப்பட வகுப்பில் மாணவியாகச் சேர்ந்தார். அதுவரை கேமராவைத் தொட்டதில்லை. அடுத்ததாகக் கணினியில் படங்களை வெட்டி ஒட்டவும் திருத்தவும் கற்றார்.

அவர் தேர்ந்தெடுத்த பொருள் தன் சொந்த உடம்பு. குப்பைப் பைக்குள் தலை மட்டும் நீட்டிக்கொண்டு, துணி காயப்போடும் கம்பியில் தொங்குவதுபோல், விரைந்து வரும் காருக்கு முன்னால் பதறி ஓடுவதுபோல் எனத் தன்னைத்தானே எடுத்துக்கொண்டார். முதுமை என்றால் ஒதுங்கி உட்கார வேண்டும் என்று சொல்லும் சமூகத்துக்கு அந்தப் படங்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் பதில். ஆரம்பித்துப் பத்தாண்டு கழித்து உள்ளூரில் தனிக் கண்காட்சி. 2017இல் தலைநகர் டோக்கியோவில் கண்காட்சி. சமூக ஊடகத்தில் லட்சக்கணக்கான ரசிகர்கள். 2025 ஜூனில், 97 வயதில் அவர் மறைந்தார். கற்றதும் படைத்ததும் சேர்த்துக் கால் நூற்றாண்டு! பலருடைய முழு உத்தியோகக் காலத்துக்குச் சமம் அது.

அதே ஜப்பானில் தட்சுவோ ஹோரியுச்சி என்பவர் பணி ஓய்வை ஒட்டி வரையத் தொடங்கினார். வரையும் மென்பொருள்களின் விலை அதிகம். கணினியில் ஏற்கெனவே இருந்ததோ கணக்குப் போடும் எக்செல். அதில் கோடுகளும் வடிவங்களும் போடும் வசதி இருப்பதைக் கண்டு, அதைக் கொண்டே மலைகளையும் செர்ரி மரங்களையும் பழைய ஜப்பானிய ஓவியப் பாணியில் வரைந்தார். வாழ்நாள் முழுவதும் எக்செல்லில் வவுச்சர் போட்ட நம் ஊர்க் கணக்காளர்கள் அந்த ஓவியங்களை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தின் டேவிட் ஹாக்னி ஏற்கெனவே பேர்பெற்ற ஓவியர். ஆனால் ஐபோனில் விரலால் வரையத் தொடங்கியபோது அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. 2010இல் ஐபேட் வந்ததும் அதற்கு மாறினார். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது பிரான்ஸின் நார்மண்டியில், தன் வீட்டைச் சுற்றியிருந்த மரங்களையும் குளத்தையும் பருவம் மாற மாற வரைந்துகொண்டே இருந்தார். அந்த ஐபேட் ஓவியங்களிலிருந்து 90 மீட்டர் நீளமுள்ள ஒரே சுருள் ஓவியம் உருவானது. தமிழிலும் கணினியைத் தூரிகையாக ஏற்றுக்கொண்ட முன்னோடி உண்டு: ஓவியர் ட்ராட்ஸ்கி மருது. எண்ணெய் வண்ணம், கோட்டோவியம் என எல்லாம் கைவந்த அவர், கணினி ஓவியம் கலையாகுமா என்று மற்றவர்கள் தயங்கிய காலத்திலேயே அதில் இறங்கினார்.

முதியோருக்குத் திரையில் வரைவது பல வகையில் வசதி. விளக்கை எரியவிட்டு வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை, திரையே வெளிச்சம். பெயிண்ட் வாசனை இல்லை, தரை பாழாவதில்லை. வெள்ளெழுத்து இருந்தால் இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். தவறிப்போன கோட்டை ஒரு தட்டில் அழித்துவிடலாம். கை நடுங்கினாலும் கோட்டை ஓரளவு நேராக்கித் தரும் செயலிகள் வந்துவிட்டன.

கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஒரு செய்தி. வயது ஏற ஏறக் கண்ணின் இயற்கை லென்ஸ் மஞ்சளடித்து, நீலத்தை மறைத்துவிடும். அதை எடுத்துவிட்டுத் தெளிவான லென்ஸ் வைத்ததும் வானம் திடீரென்று புதிதாகத் தெரியும். ஓவியர் மோனே 1923இல், 82 வயதில் அந்த அறுவையைச் செய்துகொண்டார். அதன் பிறகும் அல்லிக் குளங்களை வரைந்துகொண்டே இருந்தார். கட்டு அவிழ்த்த கையோடு கேமராவை எடுக்கிறவருக்கு, நிறங்களைப் பற்றிச் சொல்ல இளைஞர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது.

இதெல்லாம் மனத்துக்கு இதம், மூளைக்கு? டல்லஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2014இல் வெளிவந்தது. 60 முதல் 90 வயது வரையுள்ள 221 பேரைப் பிரித்து, ஒரு குழுவுக்கு டிஜிட்டல் புகைப்படமும் கணினியில் படம் திருத்துவதும் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு ஒட்டுத் துணித் தையல். வேறொரு குழு இரண்டையும் கற்றது. மற்றவர்களில் சிலர் கூடிப் பேசிச் சிரித்தார்கள், உல்லாசமாக வெளியே போய் வந்தார்கள். சிலர் வீட்டிலிருந்தே பாட்டுக் கேட்டார்கள், குறுக்கெழுத்துப் போட்டார்கள். வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம், மூன்று மாதம். முடிவில் நினைவாற்றல் தெளிவாக மேம்பட்டது புதிதாக ஒரு வித்தையைக் கற்றவர்களுக்குத்தான். அதிலும் புகைப்படம் கற்றவர்களிடம் முன்னேற்றம் நன்கு தெரிந்தது. சும்மா கூடிப் பேசியது அந்த அளவுக்கு உதவவில்லை. தெரிந்ததையே செய்துகொண்டிருப்பதைவிட, தெரியாததோடு மல்லுக்கட்டுவதில் மூளைக்கு வேலை அதிகம்.

பதினைந்து மணி நேரம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, நினைவாற்றல் கூடவில்லையே என்று கேட்க முடியாது.

எங்கே, எப்படி

அடி அண்ணாமலைக்கே திரும்புவோம். மாலை ஐந்து மணிக்கு வந்து நிற்கிறவருக்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை. இன்றைய சாதாரண செல்போன்களே ஒரு தட்டலில் பல படங்களைக் கண்ணிமைப்பதற்குள் எடுத்து, வெளிச்சமான வானத்தையும் இருண்ட மரத்தையும் சேர்த்து ஒரே படமாக்கித் தருகின்றன. கார்த்திகை தீபத்தன்று மட்டும் இது ஏமாற்றும். இருட்டில் மலை, உச்சியில் சிறிய தீச்சுடர். போன் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிட, சுடர் வெள்ளைப் பொட்டாகிவிடும். திரையில் சுடரின் மேல் விரலை வைத்து, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் சுடருக்கு அதன் மஞ்சள் திரும்பும். கை நடுக்கம் இருப்பவர்கள் முழங்கையை மதிலில் ஊன்றிக்கொள்ளலாம்; இரண்டு வினாடி டைமர் வைத்துவிட்டால் தட்டும்போது வரும் அதிர்வும் படத்தில் தெரியாது.

கோயிலுக்குள் போன் கூடாது. தமிழகக் கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. அதில் வருந்த ஒன்றுமில்லை. மலை வெளியேதான் இருக்கிறது. பாதையோரத்துச் சாதுக்களையும் பிச்சைக்கு அமர்ந்திருப்பவர்களையும் கேட்காமல் எடுப்பது மட்டும் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் பேசிவிட்டு எடுக்கிற படத்தில் இருக்கும் முகம், ஒளிந்து எடுக்கிற படத்தில் இருக்காது. பேசத் தெரிந்த பெரியவர்களுக்கு இது எளிது. இளைஞர்களைவிட இதில் அவர்களுக்கே கை ஓங்கும்.

இந்த ஊரைப் படமாக்கும் வேலையை ஏற்கெனவே சிலர் பெரிய அளவில் செய்திருக்கிறார்கள். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் தொடங்கித் திருவண்ணாமலைக் கோயிலைப் பற்றிப் பல தொகுதிகளாக வெளியிட்ட நூலில் புகைப்படங்களுக்கு முக்கிய இடம் உண்டு. கொச்சியில் பிறந்து, பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து, பிறகு திருவண்ணாமலைக்குக் குடிவந்த அபுல் கலாம் ஆசாத், ஏகலோகம் புகைப்பட அறக்கட்டளையைத் தொடங்கி, ‘புராஜெக்ட் 365’ என்ற கூட்டு முயற்சியில் இந்த நகரத்தின் மக்களையும் அன்றாடத்தையும் படமாக ஆவணப்படுத்தினார்.

ஆனால் வெளியூரிலிருந்து வரும் கண்ணுக்கு எட்டாத ஒன்று உள்ளூர்ப் பெரியவர் கண்ணுக்கு எட்டும். எது மறைந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியும். பழைய படங்களில் இந்த மலை மொட்டைப் பாறை. பல ஆண்டுகளாக மரம் நட்டு வளர்த்ததன் பலன்தான் இன்றைய பசுமை. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் நகரத்துப் பக்கச் சரிவு இடிந்து விழுந்து ஏழு பேர் மாண்டார்கள். மலையில் விழுந்த அந்தத் தழும்பும் இப்போது வரலாறு. மொட்டையாக இருந்தபோது பார்த்தவர், பச்சையானபோது பார்த்தவர், சரிந்தபோது பார்த்தவர் ஒரே ஆளாக இருந்தால், அவர் எங்கே நின்று எடுக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எவ்வளவு காலம் இதைச் செய்யலாம்? நாவலாசிரியர் அ. மாதவையாவின் கடைசி மகனான மா. கிருஷ்ணன் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே பொருத்திய கேமராவோடு காட்டுக்குள் நடந்தவர். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் படத்தோடு ஆராய நேரு நினைவு ஆய்வுத் தகைமை கிடைத்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 46 ஆண்டுகள் நிறுத்தவே இல்லை. 1996 பிப்ரவரியில், 83 வயதில் அவர் இறந்தபோதுதான் அது நின்றது.

வெளியே நடக்க முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஒருவேளை அதுதான் அவசரமான வேலை. வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய ஆல்பம். தாத்தா கோட்டு போட்டு ஸ்டுடியோவில் நின்ற படம், அத்தையின் சடங்குப் படம், வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்தில் குடும்பமாக நின்றது. தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்கள் கரையானுக்கும் பழைய பேப்பர்காரருக்கும் போவதைக் கண்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்ட உதவியோடு ஆயிரக்கணக்கான படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது. அவற்றில் இருப்பவர்கள் யார் என்பது பல படங்களில் யாருக்கும் தெரியாது. போகவந்தலாவைத் தோட்டத்து முகங்களுக்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேர்ந்திருக்கிறது.

உங்கள் வீட்டுப் படத்துக்கு அந்தக் கதி வரக் கூடாது. இந்த வாரம் ஆல்பத்தை இறக்குங்கள். ஜன்னலோரத்து நிழல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வைத்து, செல்போனை நேராகப் பிடித்து எடுங்கள். கறை, கிழிசல், மங்கல் எல்லாவற்றையும் பேரனிடம் கேட்டுத் திரையில் சரிசெய்யக் கற்றுக்கொள்ளுங்கள்; திருத்தாத பிரதி ஒன்றையும் அப்படியே வைத்திருங்கள். பென்டிரைவில் ஒன்று, பிள்ளைகளிடம் ஒன்று என இரண்டு இடத்தில் சேமியுங்கள். பிறகு மூலப் படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில், பேனாவால் அல்ல, மென்மையான பென்சிலால் மூன்று விஷயம் எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த வருஷம். அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர் வீட்டில் இன்னும் இருக்கிறார், அது நீங்கள்.